திக்குகிற ரோபோ

சகாய ஆனந்துக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. க, ச, ப இந்த மூன்றும்தான் அவனுக்கு அறவே ஆகாதவை. பதற்றமானால் வேறு சில எழுத்துகளும் நிற்கும். சொந்தப் பெயரைச் சொல்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். "ஞானஸ்நானத்தப்ப எனக்கு விவரம் இருந்திருந்தா உனக்கு 'அ'வுல பேரு வெச்சிருப்பேன்டா" என்பாள் அக்கா கிரேசி. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறான். கம்ப்யூட்டரில் கோடு போட வாய் வேண்டியதில்லை. போன் அடித்தால் பக்கத்து மேசைக்காரர் எடுத்துவிடுவார்.

சாயங்காலங்களில் அவன் 'உப்பங்கழி' பார்ப்பான். அது ஒரு ஆன்லைன் விளையாட்டு. வருங்காலத்தில் ஒரு துறைமுக ஊர். அதில் ஜெயிப்பது தோற்பது என்று எதுவும் கிடையாது. ஆளுக்கொரு வேஷம். மீனவர், போலீஸ், டாக்டர், டீக்கடைக்காரர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆளாகவே பேசி, சண்டை போட்டு, கல்யாணம் செய்து, வாழ வேண்டும். எல்லாம் தமிழில்தான். சிலர் தாங்கள் ஆடுவதை யூடியூபில் நேரலையாகப் போடுவார்கள். ஆனந்த் பார்வையாளனாகவே வெகுகாலம் இருந்தான். உள்ளே போக ஆசைதான். போனால் பேச வேண்டுமே.

ஒரு நாள் அறிவிப்பு வந்தது. ரோபோ கேரக்டருக்கு ஆள் தேவை, விண்ணப்பிக்கலாம். மற்ற வேஷங்களுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ரோபோவுக்கு மட்டும் விண்ணப்பம், இன்டர்வியூ எல்லாம் உண்டு. முன்பு ரோபோவாக வந்தவர்கள் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு வண்டிகளை இடித்துத் தள்ளியதில் ஆட்டமே கெட்டுப்போயிருந்தது.

ரோபோ என்றால் டைப் அடித்தால் போதும், கம்ப்யூட்டர் குரலே பேசிவிடும் என்று ஆனந்த் நினைத்துக்கொண்டான். உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினான். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற பழைய இயந்திரம் அது. பெயர் கூண்டு. மழை, காற்று, அலை மூன்றும்தான் அதற்குத் தெரிந்த விஷயங்கள். மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை. 'உங்கள் கேரக்டர் எதற்குப் பயப்படும்?' என்ற கேள்விக்கு, 'நேரத்துக்குச் சொல்ல முடியாமல் போவதற்கு' என்று எழுதினான்.

விண்ணப்பம் பிடித்திருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் குரல் இன்டர்வியூ என்று பதில் வந்தது. கூடவே விதிகள். சொந்தக் குரலில்தான் பேச வேண்டும், டைப் அடித்துப் பேசவைக்கும் மென்பொருள் கூடாது. ஆனந்த் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். வர முடியாது என்று எழுதிவிடலாம் என்றுதான் வெள்ளிக்கிழமை வரை இருந்தான். ஆனால் கூண்டு அதற்குள் அவன் மனசில் நடமாட ஆரம்பித்திருந்தது. போய்த்தான் பார்ப்போம் என்று உட்கார்ந்தான். திக்கினால் வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதானே.

இன்டர்வியூ செய்தவள் சுவேதா. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படிக்கிறவள், நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து 'உப்பங்கழி'யை நடத்துகிறவள்.

"வணக்கம் ப்ரோ. நேரா கேரக்டருக்கே போயிடலாம். நான் ஒரு மீன்காரி, படக எடுத்துகினு கெளம்புறேன். புயல் வருது. நீங்க என்னத் தடுக்கணும். ஸ்டார்ட்."

'கடலுக்குப் போகாதீங்க' என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்தே 'க'.

"க..." என்றான். "க... க..." தாடை இறுகியது. கையால் தொடையைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு நேரமோ, "க... கடலுக்குப் ப... ப... போகாதீங்க" என்று வெளியே வந்து விழுந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தான்.

"ப்ரோ, செம!" என்றாள் சுவேதா. "உப்புக்காத்துல துருப்புடிச்ச மெஷின் மாதிரியே இருக்கு. எனக்குப் புல்லரிச்சிடுச்சி. எப்டி ப்ரோ இவ்ளோ நேச்சுரலா பண்றீங்க?"

ஆனந்துக்கு முதலில் புரியவில்லை. தான் நடிப்பதாக அவள் நினைக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. "ந... நன்றி" என்றான்.

"பாரேன், இன்னும் கேரக்டர வுட்டு வெளிய வரல!" என்று அவள் சிரித்தாள். "நீங்கதான் கூண்டு. முடிவு பண்ணியாச்சி. இந்த ரெக்கார்டிங்க குரூப்புல போடுறேன், எல்லாரும் கேக்கட்டும்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. அவனுடைய திக்கலைக் கேட்டுப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு, வார்த்தையை அவனுக்கு முன்னால் சொல்லி முடித்தவர்கள் நிறைய உண்டு. நன்றாயிருக்கிறது என்று சொன்னவர் யாருமில்லை. அந்தச் சந்தோஷம் ராத்திரி சாப்பிடும்போதுகூட இருந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து, முதல்முறையாக உள்ளே போனான். அங்கேதான் அவன் எதிர்பார்க்காதது நடந்தது. ரோபோ என்பதால் ஒவ்வொரு அசையையும் ஒரே அளவாக, மணி அடிக்கிற மாதிரி சொல்லிப் பார்த்தான். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே, "கா-லை-வணக்-கம்-கடல்-அமை-தி" என்றான். ஓடியது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மீன் மார்க்கெட்டில் பேசினான், போலீசோடு வாக்குவாதம் செய்தான், டீக்கடையில் ஒரு கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னான். ஹெட்போனைக் கழற்றியபோது தாடை வலிக்கவில்லை. பேசி முடித்தால் வலிக்காது என்பதே அவனுக்குப் புதுசு.

இரண்டு வாரம் அப்படிப் போனது. பிறகு சுவேதாவிடமிருந்து செய்தி வந்தது.

'ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் கேக்குறாங்க, கூண்டு ஏன் இப்ப திக்க மாட்டேங்குதுன்னு. அத வெச்சித்தான் உங்கள செலக்ட் பண்ணோம். கேரக்டர் ஒரே மாதிரி இருக்கணும்ங்கிறது ரூல். பழைய மாதிரி பண்ணுங்க ப்ளீஸ்.'

அவன் அதைப் பல தடவை படித்தான். வாழ்நாளெல்லாம் திக்காமல் பேசு என்று சொன்னவர்கள்தான் எத்தனை பேர். இவள்தான் முதல்முறையாகத் திக்கு என்கிறாள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இரண்டையும் விடப் பெரிதாக இருந்தது. சரி என்று பதில் போட்டான்.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே திக்கினான். "ம... ம... மழை வ... வ... வரும்." அவனுக்கு 'ம' திக்கவே திக்காது. ஆட்டத்தில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். தேவநாதன் என்று ஒருவன், போலீஸ் வேஷக்காரன், "கூண்டு பேக் டு பார்ம் மச்சான்!" என்று கத்திவிட்டு அதேமாதிரி திக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தும் சிரித்தான்.

அறைக்கதவு திறந்திருந்தது. கிரேசி துணி மடித்துக்கொண்டிருந்தவள், வாசலில் வந்து நின்றாள்.

"யாருடா அது?"

அவன் மைக்கை அணைத்தான். "கே... கேம்க்கா."

"கேமு தெரியுது. யாரு உன்ன அப்டிப் பேசச் சொன்னது? உனக்கு 'ம'வுல என்னிக்குடா திக்குச்சி?"

படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்தில் அவனைப்போலப் பேசிக் காட்டிய பையன்களை அவள் அடித்திருக்கிறாள். அதற்காக ஒருமுறை பள்ளிக்கூட சிஸ்டர் அவளை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தார்கள். அவளிடம் மறைத்துப் பிரயோஜனமில்லை. எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க நேரமானது. அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

"அவுங்களுக்குத் தெரியாது, சரி" என்றாள் கடைசியில். "உனக்குத் தெரியுமில்ல? நீயே உன்னக் கிண்டல் பண்ணிக்கினு இருக்க. அதுக்கு அவுங்க கை தட்டுறாங்க."

"சொன்னா பா... பாவம்னு சொல்வாங்கக்கா. இல்லன்னா ஏமாத்திட்டேன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். எதுனா ஒன்னு சொல்லத்தான் செய்வாங்க."

மறுநாள் ஆபீசில் "மேடம்" என்று கூப்பிடும்போது 'ம'வில் நின்றுபோனான். அது அவனை மிகவும் பயமுறுத்தியது. இருந்த ஒரு நல்ல எழுத்தையும் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று மத்தியானமெல்லாம் 'ம', 'ம' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே 'உப்பங்கழி'க்காரர்கள் சிதம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சந்திப்பதாக முடிவு செய்தார்கள். உண்மையை மெசேஜில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் ஆனந்த் முதலில் நினைத்தான். எழுதியும் வைத்தான். பிறகு அழித்தான். எழுதினால் படிப்பார்கள், கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது.

தெற்கு வீதியில் ஒரு ஓட்டல் மாடியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வேஷக்காரர் நிஜத்தில் டயர் கடை வைத்திருந்தார். போலீஸ் தேவநாதன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பி.எட். படித்துக்கொண்டிருந்தான். சுவேதா, குரலை வைத்து நினைத்ததை விட உயரம் கம்மி. ஒவ்வொருவராக எழுந்து நிஜப் பெயரையும் வேஷத்தையும் சொன்னார்கள். ஆனந்தின் முறை வந்தது.

"எம் பேரு ச..." என்றான். "ச... ச..."

"அய்யோ, நேர்லயும் கேரக்டர்லயே வந்திருக்காருடா!" என்று தேவநாதன் மேசையைத் தட்டினான். விசில் பறந்தது. யாரோ போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள்.

ஆனந்த் உட்காரவில்லை. வார்த்தையை விடவும் இல்லை. "ச... சகாய ஆனந்த்" என்று முடித்தான். கைதட்டல் அடங்கும்வரை நின்றான். பிறகு சொன்னான்.

"இது ந... நடிப்பு இல்ல. எனக்கு சின்ன வயசுலேர்ந்து தி... திக்கும். இன்டர்வியூலயும் நடிக்கல. க... க... கேம்லதான், போன வாரம் நடிச்சேன். அது எனக்குப் ப... பிடிக்கல."

அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. வீடியோ எடுத்தவன் பாதியிலேயே போனை இறக்கிவிட்டான். ஓட்டல்காரர் தண்ணீர் வைக்க வந்து, என்னவோ ஏதோ என்று ஜக்கோடு அப்படியே நின்றார்.

சுவேதாவின் முகம் சிவந்துவிட்டது. "ப்ரோ... அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு, "இல்ல, நான் கேட்டிருக்கணும்" என்றாள்.

டயர் கடைக்காரர் குறுக்கிட்டார். "சரிப்பா, இப்ப கூண்டு என்னா பண்ணும்? அத்த மொதல்ல சொல்லு."

"அங்க எனக்கு நல்லா வ... வருது" என்றான் ஆனந்த். "வர்ற மாதிரி பேசுறேன். நின்னா நிக்கட்டும். வேணும்னு திக்க மாட்டேன்."

சுவேதா கொஞ்சம் தெளிந்தாள். அவளுக்கு வேலை என்று வந்தால் மூளை ஓடும். "ஒன்னு பண்ணலாம் ப்ரோ. கூண்ட ஒர்க் ஷாப்புக்குத் தூக்கிட்டுப் போறாங்க, ரிப்பேர் பண்றாங்கன்னு ஒரு சீன் வெச்சிடலாம். அதுக்கப்புறம் நல்லாப் பேசுதுன்னு ஆயிடும். ரூலும் இடிக்காது."

"வேணாம்" என்றான் ஆனந்த். அந்த வார்த்தை திக்காமல் வந்தது. "அது ரிப்பேர்லாம் இல்ல. ஒரு நாளு நிக்கும், ஒரு நாளு ஓடும். அ... அது அப்டித்தான்."

"கேரக்டர் ஒரே மாதிரி இருக்கணுமே..." என்று இழுத்தாள்.

"யாரு ஒரே மாதிரி இருக்கா?" என்றார் டயர் கடைக்காரர். "இந்த தேவநாதன் போலீசு, காலையில லஞ்சம் வாங்குறான், சாயங்காலம் லஞ்சம் வாங்குனவனப் புடிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். மற்ற இரண்டு நண்பர்களிடமும் பேசிவிட்டுச் சொல்வதாக சுவேதா சொன்னாள். பிரியாணி வந்தது. சாப்பிடும்போது இரண்டு பேர் ஆனந்திடம் அளவுக்கு மீறி மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

திரும்பும்போது தேவநாதன் அதே பஸ்ஸில் ஏறினான். வழியில் புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவன். பக்கத்தில் உட்கார்ந்து, "சாரி மச்சான். அன்னிக்குத் திக்கிக் காட்டுனேன்ல, அதுக்கு" என்றான்.

"ம்."

"கண்டக்டர் வந்தா நான் சொல்லட்டா? ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்துடுறேன்."

ஆனந்த் சிரித்தான். "நான் முன்னாடி ஸ்டாப்பு ஓல்ட் டவுனுக்கு, ஓ.டி.ன்னு சொல்லி டிக்கெட் வாங்குவேன். கடலூர்னு சொல்ல க... கஷ்டம். ஓ.டி.ல எறங்கி வேற பஸ்ஸு புடிச்சிப் போவேன்."

"எவ்ளோ நாளா?"

"ஸ்கூல்லேர்ந்து."

கண்டக்டர் வந்தபோது தேவநாதன் தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினான். ஆனந்த் 'க'வில் நின்றான். கண்டக்டர், "ஓ.டி.யா? கடலூரா?" என்று அவசரப்படுத்தினார். "இருங்கண்ணே, சொல்வாரு" என்றான் தேவநாதன். ஆனந்த் கடலூர் என்று சொல்லி முடித்தான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை சுவேதாவிடமிருந்து பதில் வந்தது. விதியை மாற்றிவிட்டார்களாம். மற்ற இரண்டு பேரில் ஒருவனுக்கு அதில் இன்னும் சம்மதமில்லை. ஆனந்த் அதைக் கிரேசியிடம் காட்டினான். "அவன் கெடக்குறான்" என்றாள் அவள்.

அன்று 'உப்பங்கழி'யில் காற்று திரும்பியிருந்தது. துறைமுகத்தில் படகுகள் புறப்படத் தயாராக நின்றன. கூண்டு எச்சரிக்கைக் கம்பத்தின்மேல் ஏறி நின்று அறிவித்தது. முதல் வாக்கியம் மணி அடித்ததுபோல ஓடியது. இரண்டாவதில், 'ப'வில், நின்றது. மீனவர்கள் கீழே நின்று காத்திருந்தார்கள். அது சொல்லி முடித்த பிறகு படகுகளைக் கட்டினார்கள்.