விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது. மனைவி இறந்த பிறகு அது ஒழுகியது. ஈயத்தகடு போட வந்தவரிடம், விளிம்பில் எதற்குச் சிவப்புக் கோடு என்று கேட்டேன்.

"தடிமனுக்கு ஒரு கலர் சார். பச்சைன்னா மெல்லிசு, அடுத்தது நீலம், அதுக்கு மேல சிவப்பு."

"கோடு போடுறது யாரு?"

"தகடு செய்யுறவனேதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'உருக்கி வார்த்த ஈயக்கட்டி இரண்டு உருளைகளுக்கு நடுவே போய்ப் போய் வந்து, ஒவ்வொரு தடவையும் மெலிந்து...' (பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: தகட்டு ஆலையில் தடிமன் பார்த்துக் கோடு போடுபவர் ஒருவர். உருளையை ஓட்டுபவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கொஞ்ச நாளாகச் சிவப்புக் கோடு போட்ட தகட்டுச் சுருள்கள் எடை குறைகின்றன. விளிம்பில் அளந்தால் தடிமன் சரியாக இருக்கிறது. அளந்த பிறகு மச்சான் சுருளை மாற்றுகிறாரோ என்று அவருக்குச் சந்தேகம்.

[சந்தேகப்படுகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கு இவர்மேலும் ஒரு கண்.]

3

தடிமன் பார்ப்பவர் ஒரு சிவப்புத் தகட்டைக் குறுக்கே வெட்டினார். யாரும் வெட்டுவதில்லை, தகடு வீணாகிவிடும். அளவுக்கருவியின் வாய் நடுவரை எட்டாது என்பதால் எல்லாரும் விளிம்போடு நிறுத்திக்கொள்வார்கள். நடுவில் நீலத்தின் தடிமன்தான் இருந்தது.

"உருளைக்குச் சாணை புடிச்சப்ப நடுவுல தொப்பை விட்டுட்டாங்க, அது தகட்டை நடுவுல நசுக்குது," என்றார் மச்சான்.

"தெரிஞ்சே ஓட்டினீங்களா?"

"சாணைக்குக் குடுத்தது நான். சொன்னா என் தலையிலதான் விடியும். நீங்களும் ஓரத்தையே தடவிக்கிட்டு இருந்தீங்க மாப்ள, சரி, நம்ம மாப்ளதானேன்னு இருந்துட்டேன்."

(இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவர் வேறு எதையோ மறைக்கிறார். எதை என்று எனக்கும் தெரி—)

4

வெட்டாத சுருள்கள் லாரிக்குக் காத்திருக்கின்றன. கோட்டை நீலமாக மாற்றினால் காரணம் கேட்பார்கள், மச்சானுக்கு வேலை போகும். சிவப்போடே அனுப்பினால் எங்கோ ஒரு கூரை சீக்கிரம் வெடித்து ஒழுகும்.

முடிவு ஒன்று, நீலம். முடிவு இரண்டு, சிவப்பு; அனுப்பிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போகிறார்கள். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் பொய் வாடை.

ஆகவே தடிமன் பார்ப்பவரை வீட்டுக்கு அனுப்பினேன். அவர் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் போன்ல சரியாவே பேசல. என்னங்க பண்ணீங்க அவர?"

ஒன்றுவிடாமல் சொன்னார். நாளைக்கு எந்த நிறம் என்பதை அவளிடமே விட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவள் பதிலைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் மனைவியின் குரல் வருகிறது. அவள் இருந்தபோது சொல்லாத ஒன்றை அந்தக் குரலில் சொல்லவைக்க மாட்டேன்.

அவர் காத்திருக்கிறார். நீங்கள் எழுதுங்கள்.