ஒரு கரண்டி இறால் தண்ணீர்

விடியும் முன்பே இறால் வந்து இறங்கிவிடும். பனிக்கட்டியோடு சேர்த்துக் கூடை கூடையாக மேசைகளில் கொட்டுவார்கள். அறுபது பெண்கள் இரண்டு வரிசையாக நின்று தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவி எறிவார்கள். விரல் மரத்துப்போகும். நகக்கண் பிளந்து அதில் உப்புநீர் ஏறி எரியும். உட்காரக் கூடாது. "நாம உக்காந்தா இறாலுக்குத் தூக்கம் வந்துடுமாம்" என்பாள் சத்தக்காரி. கடைசி மேசைக்காரி அவள். இயந்திர இரைச்சலை மீறிக் கேட்கிற குரல் அவளுடையது ஒன்றுதான்; அதனால் அந்தப் பெயர்.

நான் பின்கட்டில். மேசை கழுவிய நீர், மேசையையும் தொட்டியையும் பெண்கள் தேய்க்கும் சோடாக் காரம், எல்லாம் ஒரு பெரிய கழிவுத் தொட்டியில் வந்து சேரும். அந்தக் காரத்துக்கு எங்களிடையே பெயர் மருந்து. பக்கத்தில் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஆறு வருடத்தில் அது ஓடி நான் பார்த்ததில்லை. தொட்டியிலிருந்து கழிமுகத்துக்கு ஒரு குழாய் போகிறது. அதன் இரும்புச் சக்கரத்தைத் திருப்பித் திறப்பதும் மூடுவதும் என் வேலை; அதனால் எனக்கு வால்வு என்றே பெயர். கடல் வற்றும்போது மட்டும் திறக்க வேண்டும். அப்போது நீரோட்டம் கழிவை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஏறும்போது திறந்தால் அத்தனையும் கழிக்குள் திரும்பி வரும். கரையில் நட்ட கட்டையின் ஈரக்கோட்டைப் பார்த்தே ஏற்றமா வற்றமா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதம் ஒருமுறை அரசுப் பரிசோதகர் வந்து முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்காகக் குழாய் முனையில் ஒரு புட்டி நீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். நான் பிடித்ததெல்லாம் குடிநீர்க் குழாயில். வெறும் குடிநீர் என்றால் சந்தேகம் வருமே என்று சத்தக்காரியின் மேசை வாளியிலிருந்து இறால் கழுவிய தண்ணீர் ஒரு கரண்டி எடுத்துக் கலப்பேன். லேசாக மங்கும், லேசாக வாடையடிக்கும். பிறகு புட்டியில் ஒட்டிய சீட்டில், 'நீர் எடுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். குடிநீர் பிடிக்கச் சொன்னது முதலாளி. அந்தக் கரண்டி என் சொந்த யோசனை. இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

அன்று இரட்டை லோடு. வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கியிருந்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. முதலாளியே பின்கட்டுக்கு வந்தார்.

"என்னப்பா, வழியப் போகுது. தெற."

"இப்பதாங்க ஏத்தம் புடிச்சிருக்கு. இனி மத்தியானம்தான் தெறக்கலாம்."

"மத்தியானம் வரைக்கும் அறுபது பேரையும் கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லவா? உன் வேல சக்கரத்தத் திருப்புறது. கடலப் பத்தின கவல எனக்கு இருக்கட்டும்."

என் அக்கா அந்நேரம் கழியில் இடுப்பளவு நீரில் நின்று, காலால் துழாவி மட்டிச் சிப்பி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளோடு இன்னும் ஏழு பெண்கள் இருப்பார்கள் என்றும் தெரியும். முதலாளி என் கையைப் பிடித்துத் திருப்பவில்லை. நான்தான் திருப்பினேன்.

அரைமணி நேரத்தில் நண்டுகள் கூட்டங்கூட்டமாகக் கட்டைகளில் ஏறத் தொடங்கின. சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சேற்றில் மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன, தொட்டால்கூட மூடவில்லை. மட்டி எடுத்த பெண்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள்.

மாலையில் களிம்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். இரண்டு கால்களையும் தலையணைமேல் வைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் பட்டை பட்டையாகக் கழன்றிருந்தது.

"குழாயத் தெறந்தாங்களாடா?"

"இல்லக்கா. குழாய் எங்கயாவது ஒடைஞ்சிருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் காதைத் திருகுவாள். அன்று திருகவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. களிம்பை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூட்டினார். "மட்டி பொறுக்குறவங்க புகார் குடுத்திருக்காங்க. உங்க வயித்துல அடிக்கப் பாக்குறாங்க. கம்பெனிய மூடினா தெருவுல நிக்கப்போறது நான் இல்ல, நீங்க." பிறகு என்னைத் தனியே அழைத்தார். "நாளைக்குப் பரிசோதகர் வர்றார். வழக்கம்போல புட்டி."

சரி என்று தலையாட்டிவிட்டு, முன்கூட்டியே புட்டியைத் தயார்செய்யக் கரண்டியோடு சத்தக்காரியின் மேசைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். வாளிக்குள் கையை விட்டேன். எடுக்க முடியவில்லை. அக்காவின் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

"என்ன வால்வு, வாளிக்குள்ள மோதிரத்தப் போட்டுட்டியா?" என்றாள் சத்தக்காரி.

எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரத்தை, ஏற்றத்தை, புட்டியை, கரண்டியை, அக்காவிடம் சொன்ன பொய்யை. காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் துப்பவில்லை. சத்தக்காரியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்து வந்தது.

"ஆறு வருசமா என் வாளியிலதான எடுக்கிற. எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேக்கலையே. கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம்."

"மூடிட்டாங்கன்னா?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"மூடவா சொல்றோம்?" என்றாள் சத்தக்காரி. "அந்த மிஷின ஓட்டச் சொல்றோம். கரண்டுக்குக் கணக்குப் பாத்துட்டு அதத் துணி போட்டு மூடி வச்சிருக்கான். நம்ம கையில வெடிக்கிறதும் அதே மருந்து, அவங்க கால உரிச்சதும் அதே மருந்து. இதுல அவங்க யாரு, நாம யாரு?"

அன்று வேலை முடிந்ததும் பத்துப் பேர் அக்கா வீட்டுக்குப் போனோம். மட்டிக்காரப் பெண்களும் வந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "நாந்தான் தெறந்தேன்க்கா. நீ உள்ள நிக்கிறேன்னு தெரிஞ்சுதான் தெறந்தேன்."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"வத்தத்துல தெறந்தா மட்டும் எங்கடா போகும் அது?" என்றாள். "அங்கயும் எதுவோ உசுரோட இருக்குமில்ல?"

அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. மற்றவர்களோடு பேசினாள். மறுநாள் என்ன செய்வது என்று அந்தக் குறுகிய அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்து முடிவுசெய்தார்கள்.

காலையில் பரிசோதகர் வந்தபோது மேசைகளில் இறால் கிடந்தது, பெண்கள் இல்லை. அறுபது பேரும் குழாய் முனையில் நின்றார்கள், ஈரக் கையுறைகளைக்கூடக் கழற்றாமல். மட்டிக்காரர்கள் எட்டுப் பேரும் கூட இருந்தார்கள். அக்காவை இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தொட்டியிலிருந்து பரிசோதகர் கண்ணெதிரே ஒரு வாளியளவு மட்டும் திறந்துவிட்டு, அதைக் கீழே வாளி வைத்துப் பிடித்தோம்; அதிலிருந்துதான் நான் புட்டியை நிரப்பினேன். ஒரு சொட்டும் கழிக்குப் போகவில்லை.

முதலாளி ஓடிவந்தார். "டேய், புட்டியக் கீழ வை! நீ இன்னைக்கோட வெளிய."

"அப்ப நாங்களும் வெளிய" என்றாள் சத்தக்காரி. "இறால நீங்களே உரிச்சுக்குங்க. நின்னுக்கிட்டே உரிக்கணும், மறந்துடாதீங்க."

யாரோ சிரித்தார்கள். பரிசோதகர் முதலாளியைப் பார்த்தார், அறுபத்தெட்டுப் பேரையும் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், சீட்டை என்னிடம் நீட்டினார். நீர் எடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.  அந்தச் சீட்டு எங்கே போகும், அந்த இயந்திரம் என்றைக்கு ஓடும், நாளைக்குக் கதவு திறக்குமா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. எனக்குக் கீழே சத்தக்காரி கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கீழே இன்னொருத்தி. சீட்டில் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பினார்கள்.

நான் புட்டியைப் பிடித்தபடி நின்றேன். கலங்கலாக நுரைத்துக்கொண்டிருந்தது, விரலில் வழிந்த இடம் எரிந்தது. அக்கா நொண்டி நொண்டி என் அருகில் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. புட்டியைத்தான் பார்த்தாள்.

"மூடிய நல்லா இறுக்குடா" என்றாள்.