தையலுக்கு விட்ட அரை அங்குலம்

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார்கள். தங்க நிறம், ஐந்து முனை, பக்கத்திலேயே சிரிக்கிற முகம் ஒன்று. எனக்கு வயது அறுபத்தேழு. என் பேத்திக்குப் பாலர் வகுப்பில் இதே நட்சத்திரத்தை ஒட்டிவிட்டபோது, அவளே அதைப் பிய்த்து நாய்க்குட்டியின் நெற்றியில் ஒட்டினாள்.

கோடை விடுமுறையில் மாணவர்கள் போன பிறகு வகுப்பறைகள் சும்மா கிடக்கின்றன. அந்த நேரத்தில் அறுபது தாண்டியவர்களை உள்ளே விட்டு மூன்று வாரம் பாடம் நடத்துகிறார்கள். ஓவியம், தோட்டம், வரலாறு, கணக்கு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் அண்ணன் மகள் அங்கே அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அப்பாவையும் அத்தையையும் கணக்கு வகுப்பில் சேர்த்துவிட்டாள். அண்ணனுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. மூளைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். நான் ஏன் சேர்ந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தைதானே, துணைக்கு வருகிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் துணைக்குப் போகவில்லை. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. என் மண்டையில் கணக்கு ஏறுமா, ஏறாதா?

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் விடைத்தாளை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கொடுப்போம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அண்ணனை அனுப்பினார். அண்ணன் அப்போது கல்லூரியில் முதல் வருடம். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சாயங்காலம் திரும்பி வந்தார். “பாப்பாவுக்குக் கணக்கு சுத்தமா ஏறலப்பா. ஃபெயில். எதுக்கு வீணா? தையலுக்கு அனுப்பிடுங்க” என்றார். அப்பா அனுப்பிவிட்டார்.

தையல் பழகி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் சேர்ந்து, அங்கேயே மேற்பார்வையாளராகி ஓய்வும் பெற்றேன். நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கும் பிள்ளைகள். பிள்ளைகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் மாமாவிடம் போகச் சொல்வேன். கடையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போடுவேன். துணி வெட்டுவதெல்லாம் கைப்பழக்கம், அது கணக்கில் சேராது என்று நினைத்திருந்தேன். எனக்குத்தான் ஏறாதே! அண்ணன் வாக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் பேராசிரியர் ஒரு பை நிறையப் பாட்டில் மூடிகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். நாற்பது வயதுதான் இருக்கும், சட்டைப் பையில் மைக்கறை. ஒரு மூடியை வைத்தார். அதை ஒட்டி மூன்று வைத்தார், சதுரம் வந்தது. பிறகு ஐந்து, இன்னும் பெரிய சதுரம். பிறகு ஏழு. “ஒற்றைப்படை எண்ணா வரிசையா கூட்டிக்கிட்டே போங்க, சதுரம் வந்துக்கிட்டே இருக்கும். ஏன்? யோசிச்சுட்டு வாங்க” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநாள் காலை அடுப்பில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அதே நினைப்பில் நின்றேன். சட்டென்று பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் பழைய சதுரத்தின் இரண்டு பக்கத்தையும் அடைக்க வேண்டும், மூலைக்கு ஒன்று வேண்டும். அதனால்தான் இரண்டிரண்டாகக் கூடுகிறது! ஆளில்லாத வீட்டில் ஓவென்று கத்தினேன். தண்ணீர் பாதி வற்றியிருந்தது.

அண்ணன் வங்கி மேலாளராக இருந்தவர். தெருவே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடும். “இதெல்லாம் நமக்கு அத்துப்படி, பாப்பா” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு தூங்குவார். குறட்டை வந்தால் நான் முழங்கையால் இடிப்பேன். உடனே விழித்து, “ஆமாமா, ரொம்ப சரி” என்பார்.

அவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். வகுப்பை மேற்பார்வை செய்ய வந்த அம்மாள் ஒருவர் இருந்தார். கைதட்டு மேடம் என்று நான் பேர் வைத்தேன். யார் வாயைத் திறந்தாலும் கைதட்டுவார். ஒருநாள் ஒரு பெரியவர் ஏழெட்டு ஐம்பத்திநாலு என்றார். அதற்கும் கைதட்டல்! “முயற்சி பண்ணினாரே, அதுதான் முக்கியம், செல்லங்களா!” பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். “ஐம்பத்தாறு” என்று நான் உரக்கச் சொன்னேன். மேடம் என் தோளைத் தட்டி, “இங்க போட்டியெல்லாம் வேண்டாம்மா, ஜாலியா இருங்க” என்றார். தோள்பட்டை எரிந்தது எனக்கு. எந்த ஊரில் ஐயா ஏழெட்டு ஜாலிக்காக மாறும்?

கடைசியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பத்துக் கணக்கு, இருபது மதிப்பெண். நான் அதற்காக எப்படிப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் கணக்கு. மகன் போனில் கூப்பிட்டால், அப்புறம் பேசு என்று வைத்துவிடுவேன். பரீட்சையன்று மட்டும் அண்ணன் தூங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் கழித்து, நிறைவு விழாவில் தாளைக் கொடுத்தார்கள். இருபதுக்கு இருபது. நட்சத்திரம். சிரிக்கிற முகம். “மிக அருமை!” கழிவறைக்கு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். என் மண்டையில் ஏறியிருக்கிறது, முழுசாக ஏறியிருக்கிறது என்று முகத்தில் தண்ணீர் அடித்து அடித்துச் சொல்லிக்கொண்டேன்.

உணவகத்தில் அண்ணன் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார். “எனக்கும் இருபது” என்றார். “மேனேஜர்னா சும்மாவா?”

கொடுங்கள் பார்க்கலாம் என்று வாங்கினேன். வங்கியில் கையெழுத்துப் போட்டுப் பழகிய அழகான எழுத்து. மூன்றாவது கணக்கு, ஒரு பலகையின் பரப்பளவு. நீளம் இருபத்திநாலு அங்குலம், அகலம் பதினெட்டு. அண்ணன் இருபத்தைந்தைப் பத்தொன்பதால் பெருக்கி நானூற்று எழுபத்தைந்து என்று எழுதியிருந்தார்.

“அண்ணா, கேள்வியில இருபத்திநாலுதானே இருக்கு? இருபத்தஞ்சு எங்கேருந்து வந்துச்சு?”

அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். “அதுக்கு ஒரு முறை இருக்கு. சொன்னா உனக்குப் புரியாது.”

என் தாளைப் பிரித்தேன். இருபத்தைந்து, பத்தொன்பது, நானூற்று எழுபத்தைந்து. என் கை அதன் பாட்டுக்குச் செய்த வேலை. துணியில் எந்த அளவு வந்தாலும் பக்கத்துக்கு அரை அங்குலம் தையலுக்கு விட்டுத்தான் வெட்டுவேன். மரப்பலகைக்கும் விட்டிருக்கிறேன்! என் கையெழுத்தில் இருந்தவரை கண்ணில் படாத தப்பு, அவர் கையெழுத்தில் பல்லைக் காட்டியது. வாழ்க்கையில் கத்தரிக்கோலைத் தொடாத மேனேஜர், நான் விட்ட அரை அங்குலத்தையும் சேர்த்துக் காப்பியடித்திருக்கிறார். அதற்கும் நட்சத்திரம்.

கழிவறையில் அழுத அழுகை நினைவுக்கு வந்தது. வெட்கம் முதலில், அதன் பின்னாலேயே கோபம். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். “பாப்பா, எங்க போற? என் பேப்பரைக் குடு!” என்று மூச்சிரைக்க அண்ணன் பின்னால் வந்தார்.

பேராசிரியர் தன் அறையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தாள்களை மேசையில் வைத்தேன்.

“சார், இதைப் படிச்சீங்களா?”

“வாங்கம்மா, உக்காருங்க. என்ன விஷயம்?”

“படிச்சீங்களா இல்லையா?”

அவர் நட்சத்திரத்தைப் பார்த்தார். “இல்லம்மா” என்றார். “இந்த வகுப்புக்குத் தப்பு போடக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. சிவப்பு மையே கூடாது. எல்லாருக்கும் இருபதுன்னு ஆன பிறகு எதுக்குப் படிக்கணும்னு விட்டுட்டேன். வயசானவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்...”

“எந்த மனசு? என் மனசு உங்க மேலிடத்துக்கு வந்து மனு குடுத்துச்சா? நான் எழுதினதை ஒரு ஆள் படிப்பார்னு நம்பித்தானே எழுதினேன்? தப்புன்னு சொன்னா செத்தா போயிடுவேன்? உங்க பசங்க பேப்பரை இப்படிப் படிக்காம நட்சத்திரம் ஒட்டுவீங்களா? எங்களை மட்டும் ஏன் ஒப்புக்குச் சப்பாணியா வச்சு விளையாடறீங்க?”

என் குரல் நடைபாதை முழுவதும் கேட்டிருக்கும். கேட்கட்டும். “சின்ன விஷயத்துக்குப் போய்...” என்று அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். உதறினேன்.

“திருத்துங்க சார். உங்க பசங்களுக்கு எப்படித் திருத்துவீங்களோ அப்படி.”

பேராசிரியர் இழுப்பறையைத் துழாவி ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கி மையை வரவழைத்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு கணக்குக்கும் சரி போட்டார். மூன்றாவதில் பேனா நின்றது.

“இங்க ஏம்மா ஒண்ணு கூட்டினீங்க?”

“தையலுக்கு விட்டுட்டேன் சார். பழக்கதோஷம்.”

அவர் சிரித்தார். மூன்று வாரத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான். “முறை சரி, அளவு தப்பு. ஒரு மார்க்” என்று எழுதினார். பிறகு என்ன தோன்றியதோ, அண்ணனின் தாளை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“நீங்களும் தையல் வேலையா சார்?”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

என் தாளின் மற்ற கணக்குகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதில் பெரிய பெருக்கல் குறி விழுந்தது, ஐந்தாவதிலும். ஒவ்வொன்றும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஒருவர் என் எழுத்தை வரிவரியாகப் படிக்கிறார், இந்த இடத்தில் தடம் மாறிவிட்டாய் என்று விரலை வைத்துக் காட்டுகிறார். எனக்கு யாரும் அதுவரை அதைச் செய்ததில்லை. கடைசியில் கூட்டிப் போட்டார்.

“ஒம்பது. நாலு கணக்கு முழுசா சரி, ஒண்ணு பாதி. எங்க பசங்களுக்குப் பத்து எடுத்தாத்தான் பாஸ்.”

அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஃபெயில். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் அன்னைக்கே அப்பாகிட்ட சொன்னேன், உனக்கு ஏறாதுன்னு.”

“அன்னைக்கு நான் எத்தனை மார்க்?” என்று கேட்டேன்.

“என்னைக்கு?”

“எட்டாவதுல. நீங்கதானே பேப்பர் வாங்கப் போனீங்க? எத்தனை?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“ஃபெயிலுன்னு மட்டும் ஞாபகம் இருக்குல்ல? எந்தக் கணக்குல தப்பு விட்டேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பொய் சொல்லத் தயாராகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேசையில் கிடந்த தன் தாளைப் பார்த்ததும் அவருக்கு அதற்கும் தெம்பில்லாமல் போயிருக்க வேண்டும்.

“அன்னைக்கு நல்ல மழை, பாப்பா. பாதி வழியில ஒரு கடையில ஒதுங்கினேன். சிநேகிதங்க இருந்தாங்க, பேச்சு சுவாரசியத்துல பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. வீட்டுக்கு வந்தா அப்பா கேக்கறாரு. என்ன சொல்றது? வாயில வந்ததைச் சொன்னேன்.”

“என் பேப்பரை நீங்க பாக்கவே இல்லையா?”

“அப்புறம் போகலாம்னுதான் இருந்தேன்.”

என் விடைத்தாள் ஏதோ ஓர் அலமாரியில் கிடந்து, கறையான் தின்று மண்ணாகியிருக்கும். அதில் இருபது இருந்ததோ, ஒன்பது இருந்ததோ, இனி எந்தச் சாமி வந்தாலும் சொல்ல முடியாது. நான் வாழ்நாளெல்லாம் மண்டை மரமண்டை என்று நம்பி, சில்லறையைக்கூட எண்ணாமல் வாழ்ந்திருக்கிறேன். அந்த மனிதரை அங்கேயே அறைந்திருப்பேன், எழுபது தாண்டியவர் என்பதால் விட்டேன்.

“மூணு வாரத்துல ஒம்பது வாங்கியிருக்கேன்” என்றேன். “மழையில நனைஞ்சா நீ என்ன கரைஞ்சா போயிருப்ப?”

அண்ணனை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குடும்ப விவகாரம் என்று பேராசிரியர் நைசாக எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

“நீங்க உக்காருங்க சார். போக வேண்டியது அவரு.”

அண்ணன் தன் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். படியில் அவர் காலடி ஓய்ந்தது. பிறகு நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன்.

“இப்ப அந்த நாலாவது கணக்கு. நான் எங்க தப்புப் பண்ணினேன், சொல்லுங்க.”