மிளகுக்கு நடை பழக்கிய கதை

நாய்க்குட்டி வீட்டுக்குள் வந்த அன்றைக்கே நாத்தனாருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக, உருண்டையாக, மிளகு மாதிரி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு இதைக் கொண்டு வந்தே?"

"என் சம்பளத்துல சாப்பிடப் போகுது. யாரைக் கேக்கணும் அண்ணி?" என்றாள் தம்பி பெண்டாட்டி. அவளுக்குத் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. குட்டி, கடை முதலாளியின் நாய் போட்டது. மற்றதெல்லாம் விலை போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம். இதையும் யாரும் எடுக்காவிட்டால் சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று முதலாளி ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சந்தைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும். இவளுக்கு மனசு கேட்கவில்லை.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு கொடுத்தது விடுதிதான், அவள் எடுத்துக்கொள்ளவில்லை. குடியிருப்பு முழுக்க அவள் வார்டனம்மா. வீட்டில் விளக்கு அணைவது அவள் சொல்லும்போது. குளியலறைக் கதவு இடிபடுவது அவளுக்குத் தோன்றும்போது. அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அதை அவனும் மறக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரர்களும் மறக்கக்கூடாது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். நல்லவன். நல்லவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போட முடியும்?

வார்டனம்மா நேரே குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் போய்விட்டாள். மாடிப்படியில் அசிங்கம், குழந்தைகளுக்கு ஆபத்து என்று இல்லாததும் பொல்லாததும் சொல்லி வைத்தாள். தலைவர் பழைய பல் டாக்டர். வம்பு என்றாலே அவருக்கு ஆகாது. இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாக்கறேன். கயித்துல கட்டி, இழுக்காம, யார் மேலயும் பாயாம, உங்க வாசல்ல இருந்து லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வரணும். வந்துட்டா இருக்கட்டும். இல்லேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க."

குட்டிக்கு மிளகு என்றே பேர் வைத்தாள். அன்றிலிருந்து பயிற்சி. காலையில் கடைக்குப் போகும் முன்பும், சாயங்காலம் வந்த பிறகும். முதல் நாள் மிளகு கயிற்றைக் கடித்துத் துப்பியது. மறுநாள் ஓட்டம் பிடித்தது, கழுத்துப்பட்டை இறுகி 'கக் கக்' என்று இருமியது. அவள் இழுக்கவில்லை. அது இழுத்தால் கல்லாட்டம் நின்றுவிடுவாள். இழுத்த பக்கம் நாமும் போனால், இழுத்தால் காரியம் நடக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிடும். நின்றுவிட்டால், நமக்கென்ன ஆச்சு என்று திரும்பிப் பார்க்கும். பார்த்தால் அவிச்ச முட்டையில் ஒரு துணுக்கு. அவ்வளவுதான் வித்தை. பொறுமை வேண்டும். திரைச்சீலைக்கு மடிப்பு மடிப்பாகப் பிடித்துத் தைக்கிறவளுக்குப் பொறுமைக்கா பஞ்சம்!

"நாய் நடக்குதா, நீ நடக்கறியா? ரெண்டு பேரும் நின்னுட்டே இருக்கீங்க" என்று கதவிடுக்கிலிருந்து வார்டனம்மா குரல் வரும்.

"நாங்க நிப்போம், படுப்போம். உங்களுக்கு வேற வேலை இல்லியா அண்ணி?"

ஆனால் மிளகு பிடித்துக்கொண்டது. அவள் காலோடு ஒட்டி, ஒவ்வொரு கதவாக மோந்து பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டே பாதித் தாழ்வாரம் நடந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல். "ஞாயித்துக்கிழமை பாருங்க உங்க அக்கா மூஞ்சியை" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிறகுதான் ஏதோ கெட்டுப்போனது. ஒரு நாள் காலை அவள் கயிற்றைக் கையில் எடுத்ததும் மிளகு கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. இழுத்து வெளியே எடுத்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு மூத்திரம் போனது. உடம்புக்கு என்னமோ என்று பயந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கயிற்றைக் கீழே போட்டதும் வந்து விரலை நக்கியது.

மறுநாள் கடையில் தையல் மிஷின் மோட்டார் கருகிப்போய், மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்டது.

"ம்ம். பக்கத்துல. பக்கத்துலன்னு சொன்னேன்!" அதைத் தொடர்ந்து 'கீச்' என்று ஒரு சத்தம்.

தாழ்வாரத்தில் வார்டனம்மா விறைப்பாக நடந்துகொண்டிருந்தாள். கயிறு அவள் கையில் சுருட்டியிருந்தது. மிளகின் தலை கொஞ்சம் அப்படி இப்படித் திரும்பினாலும் வெடுக்கென்று ஒரு சுண்டு. முன்கால் இரண்டும் தரையை விட்டு எழும்புகிற சுண்டு.

இவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினாள்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"பழக்கறேன். உன் வழியில பழக்கினா நாளைக்கு அது தலைமேல ஏறி உக்காரும். எத்தனை பொண்ணுங்களை வழிக்குக் கொண்டு வந்திருக்கேன், இது என்ன பிரமாதம்?"

"வேண்டாம்னுதானே போய்ப் புகார் சொன்னீங்க? இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

"பாசமா? என் வீட்டுல இருக்கறது எதுவா இருந்தாலும் சொன்னபடி கேக்கணும். கேட்டா இருக்கட்டும். எனக்கு என்ன?"

"இன்னொரு தடவை இது மேல கை வெச்சீங்கன்னா மரியாதை கெட்டுடும், சொல்லிட்டேன்!"

புருஷன் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே மென்று முழுங்கினான்.

"அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பா. என்னையும் அப்படித்தான் வளர்த்தா. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

அவள் மிளகைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மிளகை வீட்டில் விடவே இல்லை, கூடையோடு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே துணி மூட்டைக்கு நடுவே அது உருண்டு புரண்டு விளையாடும், கூப்பிட்டால் காலடியிலேயே வரும். கயிற்றைக் கண்டால் மட்டும் படுத்துவிடும். கெஞ்சினாள், கொஞ்சினாள், கயிற்றில் முட்டையைத் தேய்த்துக்கூடப் பார்த்தாள். ஊஹூம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. வேடிக்கை என்றால் சொல்லியா அனுப்ப வேண்டும்? தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒரு தலை. தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கயிற்றைக் கழுத்துப்பட்டையின் கொக்கியில் மாட்டினாள். மிளகு படுத்துவிட்டது.

அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள். "வாடி கண்ணு, வா" என்று முட்டையைக் காட்டினாள். அது வயிற்றைத் தேய்த்துக்கொண்டே ஒரு முழம் நகர்ந்து வந்தது. இன்னொரு முழம். யாரோ சிரித்தார்கள். உடனே நின்றுவிட்டது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இது நடக்கற மாதிரி தெரியலியேம்மா."

"கொஞ்சம் பொறுங்க சார். வரும்."

"இப்படிக் கொடு" என்று வார்டனம்மா கையை நீட்டினாள்.

"தர மாட்டேன்."

"கொடுத்துடு" என்றான் புருஷன் மெதுவாக. "நாய் நமக்கு இருக்கணும்னா கொடுத்துடு."

சந்தைக்குப் பின்னால் நிற்கிற லாரிகள் அவள் கண்ணுக்குள் வந்து போயின. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள்.

வார்டனம்மா கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினாள். "எழுந்திரு" என்றாள். மிளகு எழுந்தது. அடேயப்பா, என்ன நடை! கயிறு தொய்ந்து தொங்க, அவள் செருப்புக்கு ஒரு சாண் பின்னால், அவள் திரும்பினால் திரும்பி, நின்றால் நின்று, லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்தது. ஒரு கதவைக்கூட மோந்து பார்க்கவில்லை. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் மேலே, கயிறு பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். "வார்டனம்மான்னா வார்டனம்மாதான்! நாய் தாராளமா இருக்கட்டும்" என்று தலைவர் கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"பாத்தியா?" என்றாள் வார்டனம்மா. "இனிமே இதை நான்தான் நடத்துவேன். நீ குறுக்கே வந்து கெடுக்காதே."

"சரி அக்கா" என்றான் தம்பி. யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

ஜெயித்தாயிற்று. நாய் இருக்கலாம். அவள் மட்டும் கை தட்டவில்லை. இந்த நடை அவளுக்குப் புதுசு இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து கடைவீதியில், ஆஸ்பத்திரியில், உறவுக்காரர் வீட்டில், அந்தச் செருப்புக்கு ஒரு சாண் பின்னால் போகிற இன்னொருத்தனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சாது, பெரியவங்க மேல மரியாதை என்றெல்லாம் நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். பைத்தியக்காரி.

குனிந்து கொக்கியைக் கழற்றினாள். கயிறு வார்டனம்மா கையிலேயே தொங்கியது. உள்ளே போய் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, மிளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"கடை மாடியில துணி அடுக்கற ரூம் இருக்கு" என்றாள் புருஷனிடம். "முதலாளி கொடுப்பார். நானும் இதுவும் போறோம். நீங்களும் வாங்க. நிஜமாத்தான் கூப்பிடறேன். கீழே நிக்கறேன்."

"போகட்டும் விடு. தானா வருவா" என்றாள் வார்டனம்மா.

அவள் படியிறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்றாள். மிளகின் நெஞ்சு அவள் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது, அவளுக்கும் அப்படித்தான். மேலே காலடிச் சத்தம் கேட்டது. அவன் நடைதான். வேகமாக வந்தது, மேல்படி வரைக்கும் வந்துவிட்டது. வந்துட்டார், வந்துட்டார் என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பையை வாங்கிக்கொள்ளட்டும் என்று கையைக்கூட மேலே நீட்டினாள்.

அவன் குரல் கேட்டது. அவளைப் பார்த்துப் பேசவில்லை, வீட்டைப் பார்த்துத் திரும்பிக் கேட்டான்.

"அக்கா, நான் கொஞ்சம் கீழே போயிட்டு வரட்டுமா?"

அதற்கு வார்டனம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்க அவள் நிற்கவில்லை.