சந்தனம் இட்ட கிட்டார்

நான் சொல்வதெல்லாம் நடந்த வரிசையில்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. பிரியா அழுதது முன்பா பின்பா என்பதில் எனக்கே சந்தேகம். லூயிஸ் அங்கிள் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"கிட்டார் நல்லா கீதுன்னா நீயே எடுத்துக்கினு போயிடு. கெட்டுப்போச்சுன்னா இங்கயே கெடக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து கெடக்குறோம்."

சாந்தோமில் தேவாலயத்துக்குப் பின்தெருவில் அவர் வீடு. கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் பல வருடங்கள் கிட்டார் வாசித்தவர். ஆடி மாதம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, மெல்ல மெல்லத் திரும்பியிருந்தது. வாசிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கிட்டாரை எடுத்தார். சுருதி இறங்கியது. ஒரு ஞாயிறு திருப்பலியில் வாசித்தபோது பாடுகிறவர்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. விரல் சரியாக அழுத்தவில்லை, கை போய்விட்டது என்று முடிவுகட்டி அன்றே பெட்டியை மூடிவிட்டார்.

நான் அடையாறில் வங்கி வேலை பார்ப்பவன். புத்தகங்களுக்கு அடுத்தபடி எனக்குப் பழைய ஜப்பான் கிட்டார்கள்தான் பைத்தியம். வாங்குவதற்கு முன்னால் யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்த்து நல்லது கெட்டது சொல்வேன். அன்று கூப்பிட்டது அங்கிளின் மனைவி பிரிஸில்லா ஆன்ட்டி. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிட்டாருதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு விஜி. அவரு கைன்னு மட்டும் சொல்லிடாதப்பா."

செருப்பைக் கழற்றினேன்.

அங்கிள் நாற்காலியில் இருந்தார். பெட்டியை என் பக்கம் காலால் தள்ளினார். "இன்னா டாக்டர், பேஷன்ட் பொழைக்குமா?"

"கொஞ்சம் பேசாம இருங்க அங்கிள்."

"எல்லா டாக்டரும் இதைத்தான் சொல்றானுங்க."

பெட்டியைத் திறந்தேன். உள்ளே குடைவான உடல், இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். தலையில் இருந்த பெயரை நான் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஜப்பானில் ஒரே தொழிற்சாலை பத்துப் பெயர்களில் கிட்டார் செய்து அனுப்பும். ஒரே பெயரில் நல்லதும் வரும், ஓட்டையும் வரும். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இத்தனை வருட உப்புக்காற்றுக்கும் வளையவில்லை. கழுத்து உடலோடு சேருகிற இடத்தில் நகம் நுழையவில்லை. கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட்டுகள் தேய்ந்திருந்தன, ஆனால் ஒரே சீராக. அவசரமில்லாத கைகள் செய்தது.

கடைசியாக நான் செய்வது ஒன்றுதான். ஒரு கம்பியைச் சும்மா மீட்டிவிட்டு, சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருப்பேன். மட்டமான கிட்டார் சீக்கிரம் வாயை மூடிக்கொள்ளும். இது அடங்க வெகுநேரம் ஆயிற்று. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டே போனாள். ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கிட்டார். அதைச் சொன்னால் அங்கிள் கையைப் பற்றியும் சொன்னதாகிவிடும். கிட்டாரையும் நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சொல்லத் தயங்கியே இன்னொரு முறை வாசித்தேன், இந்தத் தடவை கழுத்தின் நடுவில் கம்பியை அழுத்தி. சுருதி இறங்கியது. மேலே போகப்போக இன்னும் இறங்கியது. என் விரலுக்கு ஒரு நோயும் கிடையாது.

அப்போதுதான் பிரிட்ஜைப் பார்த்தேன். கம்பிகளைத் தாங்குகிற சின்ன மரக்கட்டை. இந்த மாதிரி கிட்டாரில் அதை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கும். அது நின்ற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால், வெயிலே படாத தோல் மாதிரி, கட்டையின் இரண்டு பளபளப்பான பாதத் தடங்கள் தெரிந்தன. கட்டை பின்னால் தள்ளி நின்றால் கம்பி நீண்டுவிடும், அழுத்துகிற சுரமெல்லாம் இறங்கும்.

"இதை யாரு கழட்டினது?"

காபியோடு வந்த பிரியா நின்றுவிட்டாள். அங்கிளின் மகன் ஸ்டீவ் கல்யாணம் செய்துகொண்ட பெண். முழுப்பெயர் ஷண்முகப்ரியா. தி.நகரில் பாத்திரக்கடைக் குடும்பம்.

"நான்தாண்ணா. மாமா ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறகு ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கடையில தராசக்கூடக் கழட்டித் தொடச்சுத்தான் பொட்டு வைப்போம். கம்பியெல்லாம் துருவா இருந்துச்சு, எடுத்துட்டேன். இந்தக் கட்டையும் கையோட வந்துருச்சு. ஒரு எடத்துல வட்டமா மங்கிப்போயி இருந்துச்சு, அங்கதான் இருந்திருக்கும்னு வச்சேன். எங்க வீட்டுக்காரரு புதுக் கம்பி போட்டு, ஃபோனப் பாத்துச் சுருதி சேத்தாரு."

பிரியா அழுதது அநேகமாக இங்கேதான். அங்கிள் ஏதோ சத்தம் செய்தார். சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

"அது பிரிட்ஜ் இருந்த எடம் இல்லம்மா. அய்யாதுரை கட்டைவிரல் இருந்த எடம்."

அய்யாதுரை ஸ்டுடியோவில் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டவர். பூஜைக்கு முந்தின நாள் எல்லா வாத்தியங்களையும் வரிசையாக வைத்துச் சந்தனம் இடுவார். இந்தக் கிட்டாருக்கு எப்போதும் பிரிட்ஜுக்குப் பின்னால், ஒரே இடத்தில். வருடாவருடம் இட்டு மினுக்கம் அங்கே செத்துப்போயிருந்தது.

கம்பிகளைத் தளர்த்தி, கட்டையை அதன் பழைய தடத்துக்கு நகர்த்தி, சுருதி சேர்த்துக் கொடுத்தேன். அங்கிள் மெதுவாக வாசித்தார். எல்லாச் சுரமும் தன் இடத்தில் நின்றது. சுண்டுவிரல் மட்டும் ஒவ்வொரு முறையும் பிந்தி வந்தது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுருதி கிட்டாரோட தப்பு அங்கிள். சுண்டுவிரல் உங்களோடது."

ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். அங்கிள் விரலை மடக்கி மடக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வெரலுதானே" என்றார்.

"கிட்டார் நல்லா இருக்கு. நான் எடுத்துட்டுப் போகணும்னு சொன்னீங்க."

"காபியக் குடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணு."

அந்தக் கிறிஸ்துமஸ் திருப்பலியில் அவர் வாசித்தார். மறுவருடமும் வாசித்தார். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். ஸ்டீவும் பிரியாவும் பாலவாக்கத்தில் வீடு பார்த்துப் போனார்கள். ஆன்ட்டி அவர்களோடு இருக்கிறார். அய்யாதுரை நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கண் பார்வை குறைவு. கிட்டார் பாலவாக்கத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எதையும் கழற்றாமல் துடைத்து, மங்கிய இடத்திலேயே பிரியா சந்தனம் வைக்கிறாள். நான் அதே வங்கியில் இருக்கிறேன்.