தொட்டியில் வராத குமிழி

மூன்று வாரமாக என் உயிரை வாங்கியது பின்பக்க இடது டயர். நான் டாக்ஸி ஓட்டுகிறவன். காலையில் காற்றடித்துக்கொண்டு கிளம்பினால், நாலு சவாரி ஏறி இறங்குவதற்குள் வண்டி ஒரு பக்கம் சாயும். பின்சீட்டிலிருந்து "என்னங்க, வண்டி இழுக்குது?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் ஒரே கூத்து. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு குமிழி வராது. வால்வில் எச்சில் தொட்டு வைப்பார்கள். அங்கேயும் ஒன்றுமில்லை. "டயர் நல்லாத்தாண்ணே இருக்கு, உங்களுக்குத்தான் மனப்பிராந்தி" என்றான் மூன்றாவது கடைக்காரன்.

"மனப்பிராந்தியா? காத்து என்ன, என் மனசுலேர்ந்தா இறங்குது?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறினால் நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது என்றாள் மனைவி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படுக்கவைத்து, நெஞ்சில் ஒயரை ஒட்டி, காகிதத்தில் கோடு எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். "படியேறும்போதுதான் டாக்டர்..." என்று அவள் இழுத்தாள். "எந்திரி, வண்டியை நோ பார்க்கிங்ல விட்டிருக்கேன்" என்று கிளப்பினேன். அப்புறமும் இரண்டு தடவை சொன்னாள். "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார், சும்மா எதையாவது நினைச்சுக்காத" என்றேன். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சரியாகிவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று காலை படியிறங்கும்போது, இரண்டாவது மாடி வளைவில் எவனோ போட்டிருந்த பிளாஸ்டிக் முக்காலி வழக்கம்போல் காலில் இடித்தது. வழக்கம்போல் அவன் பரம்பரையைத் திட்டிவிட்டுத்தான் நாலாவது கடைக்குப் போனேன்.

அது ஒரு அக்கா நடத்தும் கடை. நான் ஜாக்கியை எடுக்கப் போனேன். "யார் கழட்டச் சொன்னா?" என்று அதட்டினார். "நிக்கும்போது இறங்குதா, ஓடும்போதா?"

"ஆள் ஏறினாத்தாங்கக்கா."

"இதுவரைக்கும் யாராவது ஆளை ஏத்திப் பாத்தாங்களா?"

அக்கா பக்கத்துத் தையல்காரரைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் இடது பக்கமாக உட்காரவைத்தார். ஆள் நல்ல கனம், வண்டி முனகியது. "என் உடம்பு இன்னைக்காவது யாருக்காவது உதவுதே" என்றார் அவர். அக்கா தரையில் படுத்துச் சக்கரத்தின் உள்பக்கம் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். "ஒரு சாண் முன்னால எடுங்க. போதும். இன்னும் ஒரு சாண்." நாலாவது சாணில் கத்தினார்: "நிறுத்துங்க! இங்க வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். ரிம்மின் உள்பக்கத்தில் பொடிப்பொடியாக நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"மயிரிழை விரிசல். பாரம் ஏறினாத்தான் வாயைத் திறக்கும். கழட்டித் தொட்டியில போட்டா அது பாட்டுக்கு ஓய்வா படுத்துக் கிடக்குது, எப்படிக் காட்டும்?"

படுத்துக் கிடக்குது. ஆஸ்பத்திரியில் என் மனைவியையும் படுக்கவைத்துத்தானே பார்த்தார்கள்?

அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

"ஸ்டெப்னியை மாட்டுங்கக்கா, சீக்கிரம்!"

"தேஞ்சு வழுக்கையா இருக்கேப்பா, ரொம்பத் தூரம் ஓட்டாத."

"வீட்டுக்குத்தான்" என்றேன். அந்த நாலு நட்டை முடுக்குவதற்குள் நான் கடையை ஏழெட்டுத் தடவை சுற்றி வந்துவிட்டேன்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். இரண்டாவது மாடி வளைவில், அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் காய்கறிப் பை, ஒரு கை நெஞ்சில். முகமெல்லாம் வியர்வை.

"ஏன் போனை எடுக்கல?"

"பைக்கு அடியில இருக்கு. மூச்சு வரட்டும், எடுக்கலாம்னு..."

"இது யார் முக்காலி?"

"இந்த வீட்டு அக்கா எனக்காகப் போட்டுவச்சாங்க. மூணு வாரமாச்சு."

மூன்று வாரமாக நான் இடித்துக்கொண்டு திட்டிய முக்காலி. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அன்னைக்குப் படுக்கவச்சுப் பாத்தாங்க. நடக்கும்போது என்ன ஆகுதுன்னு பாக்கச் சொல்லுவோம்" என்று, டயர் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நானும் அன்னைக்கே இதைத்தானேங்க சொன்னேன்," என்றாள், விட்டு விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு. "டயர் சொன்னதும் நம்பிட்டீங்க."

பையை அங்கேயே வைத்துவிட்டு அவளைத் தோளோடு பிடித்து எழுப்பினேன். மறு கையில் முக்காலியை எடுத்துக்கொண்டேன். கீழே போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் அதைப் போட வேண்டியிருந்தது.