வாய்க்காரன் சொல்லாமல் விட்ட வாக்கியம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு இளவரசியின் கதை சொல்லப்போகிறேன், இஸ்திரி போடும் அம்மா ஒருத்தியின் மகன் கதையும் அதுதான். அவர்கள் சேர்ந்தார்களா என்று இப்போதே கேட்காதீர்கள். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு, என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று என் முந்தானையை இழுக்கவும் கூடாது.

அவனை அரண்மனையில் எல்லோரும் வாய்க்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வளவளவென்று பேசுகிற ஆள் என்பதால் அல்ல. சொந்தமாகப் பேசச் சொன்னால் நாளுக்கு நாலு வார்த்தைதான் தேறும். இளவரசிக்குக் காது கேட்காது. நாலு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் கையால் பேசுவாள். அவன் அதை வாயால் சொல்வான். மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் அவளுக்குச் சொல்வான். அதுதான் அவன் உத்தியோகம்.

அந்தக் கைப்பேச்சை அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கற்கவில்லை. அவன் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அரண்மனைத் துணிக் கட்டடத்தில் இஸ்திரி போடுகிறவள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத தாதி, ஒருநாள் இளவரசியை அந்த இஸ்திரி அறைக்குத் தூக்கி வந்தாள். மேஜைக்கு அடியில் ஆறு வயது வாய்க்காரன் உட்கார்ந்திருந்தான். அங்கே அவள் கற்ற முதல் சொல் ‘சூடு’. இரண்டாவது, அவன் பெயர். கைப்பேச்சில் ஆளுக்கொரு பெயர்ச் சைகை உண்டு. அவனுக்குக் காதைச் சொறிகிற பழக்கம். இரண்டு விரலால் காதோரம் சொறிந்து காட்டினால் அது அவன். அந்தப் பெயர் அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று ஆரம்பித்த சிநேகம் இருபத்திரண்டு வருஷம் ஓடியது. சண்டை போட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மறுநாளே யார் மேலாவது குற்றம் சொல்லிச் சிரித்தார்கள். அவன் முறைப்படி பரீட்சை எழுதித் தேறி, எட்டு வருஷமாக அரசருக்குப் பக்கத்தில், அவளுக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்காருகிறான். கை தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கோடு போடாத கறுப்புச் சட்டை. விரலில் மோதிரம் கிடையாது. நடுவில் எப்போதோ அந்தச் சிநேகம் அவனுக்குள் வேறாகிவிட்டது. அது கை வரைக்கும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவனுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

இப்படி இருக்கும்போது பக்கத்து நாட்டு இளவரசருக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பாக்கி ஒன்றுதான். மணப்பெண் சபையில் தன் சம்மதத்தைச் சொல்ல வேண்டும், எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது இல்லாமல் கல்யாணம் செல்லாது. சேதி வந்த நாலு நாளாக அவள் வாய்க்காரனோடு பேசவில்லை. அவன் எதைக் கேட்டாலும் இரண்டு கையையும் அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். கையை மறைத்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டதாக அர்த்தம்.

சபை கூடுகிற அன்று காலையில் மந்திரி அவனைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

“தம்பி, இன்னைக்கு உன் வாயிலேர்ந்து ஒரே ஒரு வார்த்தைதான் வரணும். சம்மதம்.”

“அவங்க அதைச் சொன்னா நானும் சொல்றேங்க.”

“அவங்க கை எப்படி ஆடினாலும் நீ அதைத்தான் சொல்லணும். அங்க அது வேற யாருக்குப் புரியப்போகுது? உங்க அம்மாவுக்குப் புரியும். அவங்களால சொல்ல முடியாது.” மந்திரி அவன் காலரைச் சரிசெய்வதுபோல் தொட்டார். “துணிக் கட்டடத்துக்குப் பின்னாடி வீட்டுலதானே இருக்காங்க? முட்டிவலின்னு கேள்விப்பட்டேன். இந்த வயசுல வீட்டைக் காலி பண்றதுன்னா கஷ்டம்தான், பாவம்.”

நலம் விசாரிக்கிற குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார். வாய்க்காரன் தாழ்வாரத்திலேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தான். பொய் சொன்னால் அவள் போய்விடுவாள். உள்ளதைச் சொன்னால் அம்மா தெருவுக்கு வந்துவிடுவாள். அவள் உள்ளபடியே சம்மதம் என்று சொல்லிவிட்டால், அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டது.

சபையில் நீள மேஜை. ஒரு பக்கம் அரசர், மந்திரி, எழுத்தர், வாய்க்காரன். எதிரே இளவரசி. மேஜையின் கோடியில் மாப்பிள்ளையும் அவருடைய அத்தையும். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், ஆனால் அரைமணி நேரத்தில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார்.

அரசர் கேட்டார்: “இந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமாம்மா?”

மகளைப் பார்த்துக் கேட்கவில்லை, வாய்க்காரனைப் பார்த்துக் கேட்டார். இத்தனை வருஷமும் அப்படித்தான். பதில் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது! வாய்க்காரன் கேள்வியைக் கையால் சொன்னான்.

அவள் கைகளைப் பையிலிருந்து எடுத்தாள். நிதானமாகப் பேசினாள், ஒவ்வொரு சைகையும் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி. எனக்குச் சம்மதம் இல்லை. அவர் நல்லவர், அவர்மேல் குறை இல்லை. நான் விரும்புகிறவன் வேறு. பிறகு இரண்டு விரலால் காதோரம் சொறிந்து காட்டினாள். கடைசியாக, ‘ஒரு வார்த்தையும் விடாமல் சொல்’ என்றாள்.

அது யார் பெயர் என்று அவளைத் தவிர அந்தச் சபையில் தெரிந்தவன் வாய்க்காரன் ஒருவன்தான்.

“என்ன சொல்றா?” என்றார் அரசர்.

எழுத்தரின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. மந்திரி லேசாகத் தலையை ஆட்டினார், ஒற்றை வார்த்தைதான் என்று நினைவூட்டுகிற ஆட்டல்.

“ஏம்ப்பா, உன்னைத்தான். என்ன சொல்றா?”

“புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு போல. தண்ணி குடுங்கப்பா,” என்றார் அத்தை. “எங்க பையன் கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்தா.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவன் விழுங்கியதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றான். பேசும்போதே கையாலும் சொன்னான், அவளுக்கும் தெரிய வேண்டுமென்று.

“மன்னிக்கணும். அவங்க சொன்னதை நான் சொல்ல முடியாது. எங்க வேலையில ஒரு கட்டுப்பாடு இருக்கு. பேசற விஷயத்துல எங்களுக்கே பங்கு இருந்தா, நாங்க வாயைத் திறக்கக் கூடாது. எழுந்துடணும். நான் விலகிக்கறேன்.”

“உனக்கென்னடா பங்கு?” மந்திரி பாய்ந்தார்.

வாய்க்காரன் அவளைப் பார்த்தே, வாயாலும் கையாலும் சொன்னான்.

“எனக்கு அவங்களைப் பிடிக்கும். சிநேகிதமா மட்டும் இல்ல. ரொம்ப நாளா. அதனால இன்னைக்கு என் வாயிலேர்ந்து என்ன வந்தாலும் அது சுத்தமில்ல.”

இளவரசி இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுக்கும் புதுச் சேதி, கண்ணுகளா. அவன் மனசு தெரியாமலேயே அல்லவா தன் மனசை மேஜைமேல் வைத்திருந்தாள்!

“காவலரைக் கூப்பிடுங்க!” என்றார் மந்திரி.

“நீங்க உட்காருங்க,” என்றார் அரசர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அப்போ என் பொண்ணு என்ன சொன்னான்னு எனக்கு யார் சொல்றது?”

எழுத்தர் மெதுவாகப் பேனாவையும் ஒரு தாளையும் இளவரசியின் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, அப்பா எதிரே முழங்காலில் உட்கார்ந்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டாள், இல்லை என்று தலையாட்டினாள். கறுப்புச் சட்டைக்காரனைக் காட்டினாள். தன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள்.

“இதுக்கு எதுக்கு ஒரு ஆள்? எனக்கே புரியுதே!” என்றார் அத்தை.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கும் புரியுது. வருத்தமில்லைன்னு சொன்னா பொய். ஆனா பிடிக்காத பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் வரல.”

அரசர் மகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாய்க்காரன் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

“‘கூடாது’ன்னு கையில எப்படிச் சொல்றது?”

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மந்திரியின் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுப்பதா என்று வாய்க்காரனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. ஆனாலும் கேட்டது ஒரு சொல்தானே. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் குறுக்கே ஒரு வீச்சு வீசிக் காட்டினான்.

அரசர் வீசினார். பழக்கமில்லாத பெரிய கை, மைக்கூடு சரிந்து பதிவேடு நனைந்தது. இளவரசியின் முகம் வெளுத்துவிட்டது. அரசர் நிறுத்தவில்லை. தன்னைக் காட்டினார், அவளைக் காட்டினார். இருவருக்கும் நடுவில் கையைச் சுவர்போல் வைத்தார். மறுபடியும் ‘கூடாது’ என்று வீசினார். வாய்க்காரனின் காலி நாற்காலியைக் காட்டி இன்னொரு வீச்சு. அப்புறம் அவனைக் காட்டி, அவளைப் பார்த்து, வெறுங்கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினார்.

மற்றவர்களுக்காக வாயாலும் சொன்னார்: “எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல இனி ஆள் கூடாது. இத்தனை வருஷம் வெச்சிருந்ததே தப்பு. ஏம்ப்பா, அந்த வேலை உனக்கு இன்னையோட போச்சு. அந்த நாற்காலியில நீ உட்காரக் கூடாது. வேற எங்க உட்காரணும்னு அவளைக் கேட்டிருக்கேன்.”

இளவரசி எழுந்தாள். தன் இடத்துக்குப் போனாள். பக்கத்து நாற்காலியை, அரண்மனையில் யாரும் சொல்லிக்கொடுக்காத விதத்தில், காலால் இழுத்துப் போட்டாள்.

அவன் போய் உட்கார்ந்தான். இருவர் கையும் மேஜைக்கு அடியில் இருந்ததால், என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கும் தெரியாது. துணிக் கட்டடத்து வீட்டைப் பற்றி மந்திரி அதற்கப்புறம் மூச்சு விடவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு கையால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “இவ்வளவு நாள் என்னடா பண்ணிட்டிருந்தே?”

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசட்டும். மனசில் இருப்பது தொண்டையிலேயே தங்காமல் வெளியே வரட்டும். உங்கள் மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஒருவருக்கு நாலு பேராகப் பெருகட்டும். எல்லோரும் வயிறு குளிர்ந்து நன்றாக இருங்கள்.